அப்பாவின் லேப்டாப்பில் சைரன், திரையில் ஒரு போன் நம்பர்: இப்போது என்ன செய்வது?

தஞ்சாவூர்_மகள்
அப்பாவுக்கு 68 வயது, தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். நேற்று மதியம் பிரிண்டருக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) தேடி ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார். திரை முழுக்க நீலமாகி, சைரன் சத்தத்தோடு, கணினி முடக்கப்பட்டது, மைக்ரோசாஃப்ட் உதவிக்கு இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று வந்திருக்கிறது. பதறிப்போய்க் கூப்பிட்டுவிட்டார். பேசியவன் வரிக்கு வரி 'சார்' போட்டு, தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கை இறக்க வைத்து, சிவப்புக் குறிகளாக ஒரு பட்டியலைக் காட்டி, எல்லாம் வைரஸ், 4,999 ரூபாய் கட்டினால் சரிசெய்கிறேன் என்றிருக்கிறான். அப்பா நெட்பேங்கிங்கில் நுழைந்த நேரத்தில் கரண்ட் போய் வைஃபை நின்றுவிட்டது. பணம் போகவில்லை. ஆனால் இன்று காலையிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. நான் சென்னையில் இருக்கிறேன், அவரை என்ன செய்யச் சொல்வது?

மதுரை_சிஸ்டம்_சர்வீஸ்
சகோதரி, முதலில் அந்த லேப்டாப்பை நெட்டில் சேர்க்கவே வேண்டாம். எனிடெஸ்க் நல்ல மென்பொருள்தான், நாங்களே தினமும் பயன்படுத்துகிறோம், ஆனால் ஒருமுறை உள்ளே வந்தவன் பாஸ்வேர்டு வைத்துவிட்டால் அடுத்த முறை கேட்காமலே வருவான். அதை நீக்கினால் மட்டும் போதாது. போட்டோ, டாக்குமென்ட்டுகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். நெட்பேங்கிங் பாஸ்வேர்டை இப்போதே மாற்ற வேண்டும், ஆனால் அந்த லேப்டாப்பிலிருந்து அல்ல. அப்பாவின் போனிலும் ஏதாவது ஆப் போட வைத்தார்களா என்று கேளுங்கள், ஓடிபி அங்கேதான் வருகிறது. பேங்க்குக்கு ஏடிஎம் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணிலேயே பேசுங்கள். கூகுளில் தேடி எடுக்கும் கஸ்டமர் கேர் எண்களிலும் இதே கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சைரன் வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வந்து அந்தப் பக்கத்தை மூடினாலோ, கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்தினாலோ போய்விடும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது.

நெட்வொர்க்_குமார்
சிவப்புக் குறிகள் என்றால் ஈவென்ட் வியூவரைத்தான், அதாவது விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைத்தான் காட்டியிருப்பான். நேற்று வாங்கிய கம்ப்யூட்டரிலும் அதில் பிழைகள் இருக்கும், ஏதாவது ஒரு சர்வீஸ் தொடங்கத் தாமதமானாலும் பதிவாகும். சிலரிடம் 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண்ணைப் படிக்கச் சொல்லி, இது உங்கள் கணினியின் அடையாளம், எங்கள் பதிவிலும் இருக்கிறது என்பார்கள். விண்டோஸ் உள்ள எல்லாக் கணினியிலும் அதே எண்தான். அப்பாவைத் திட்டிவிடாதீர்கள் அக்கா. தெரியாதவர்களை நம்ப வைக்கவே இதைப் பழகி வைத்திருக்கிறார்கள்.

கோவை_ராஜி
என் அம்மா பணம் கட்டிவிட்டார். ஆறு மாதம் கழித்து, கம்பெனியை மூடுகிறோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அதே ஆட்கள் கூப்பிட்டார்கள். பேங்க் பக்கத்தைத் திறக்க வைத்து, திரையில் தெரிந்த எண்ணை மட்டும் மாற்றி, 5,000-க்குப் பதில் 50,000 வந்துவிட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள், என் வேலை போய்விடும் என்று அழுதிருக்கிறான். அம்மா அனுப்பிவிட்டார். வெட்கப்பட்டு எங்களிடம் சொல்லவே நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளில்தான் எல்லாம் கைவிட்டுப் போனது. பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும், பேங்க்குக்கும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, நம் கவனக்குறைவால் போனதாகவே இருந்தாலும், வங்கியிடம் புகார் கொடுத்த பிறகு நம் அனுமதியில்லாமல் போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.

தஞ்சாவூர்_மகள்
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பேங்க்கில் பேசி நெட்பேங்கிங்கை நிறுத்தியாயிற்று, போனில் எதுவும் போடவில்லை. வீடியோ காலில் என் ஆபீஸ் லேப்டாப்பின் ஈவென்ட் வியூவரைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார், 31 சிவப்புக் குறி. 'உனக்கும் இருக்கிறதே' என்றார், அதற்கப்புறம்தான் குரல் பழையபடி வந்தது. சனிக்கிழமை போய் விண்டோஸ் போடப்போகிறேன். அந்த பிரிண்டர் டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

மதுரை_சிஸ்டம்_சர்வீஸ்
யூஎஸ்பி வயரைச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் விண்டோஸே போட்டுக்கொள்ளும். இல்லையென்றால் பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், முகவரி வாங்கிய பெட்டியிலேயே இருக்கும்.