ஆழ்மூளைத் தூண்டலுக்குப் பிறகு வீட்டில் நாம் பார்த்தவை

அட்லாண்டாவாசி:
என் மனைவிக்குப் பல ஆண்டுகளாகத் தீவிர மனச்சோர்வு. மாத்திரைகளும் மின்னதிர்வுச் சிகிச்சையும் கைகொடுக்காததால், ஓர் ஆய்வுத் திட்டத்தின் கீழ் அவளுக்கு ஆழ்மூளைத் தூண்டல், அதாவது மூளைக்குள் விடாமல் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் சிகிச்சை, செய்தார்கள். மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய, மனநிலையோடு தொடர்புடைய 'பகுதி 25' அருகே இருபுறமும் மெல்லிய மின்முனைகள். காறை எலும்புக்குக் கீழே பேட்டரி. அதன்பின் சிறிது சிறிதாகத் தேறினாள். தங்கையைத் தானாகவே தொலைபேசியில் அழைத்துப் பேசினாள். ஆனால் அவளுடைய அப்பா இறந்ததும் மறுபடியும் படுக்கையிலேயே கிடந்தாள். மின்னளவைக் கூட்டச் சொல்வதா, துக்கம் ஆறட்டும் என்று பொறுப்பதா? அந்த வாரங்களில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. இங்கே வேறு யாரேனும் இப்படித் தவித்ததுண்டா?

அலைவாசிப்பவள்:
ஐயா, மூளைப் பதிவுகளை அலசுவதுதான் என் வேலை. உங்கள் கேள்வியையே பல குடும்பத்தினர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபர்க், பொறியாளர் கிறிஸ்டோபர் ரோசெல் குழுவினர் 2023-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு உதவும். அதில் 10 பேருக்குத் தூண்டல் செய்தார்கள். 24 வாரங்களில் 9 பேர் நன்கு தேறினார்கள். அவர்களில் 7 பேருக்கு நோய்க்குறிகள் ஏறக்குறைய முழுதும் விலகின. மின்சாரம் செலுத்திய கருவியே மூளை அலைகளையும் பதிவுசெய்தது. 6 பேரின் பதிவுகளைக் கணினி கொண்டு ஆராய்ந்தபோது, நோயுற்ற மூளையின் அலைகளும் தேறிய மூளையின் அலைகளும் வேறுபடுவது தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் நான்கு மாதம் நன்றாக இருந்துவிட்டு மீண்டும் சரிந்தார். பிறகு எடுத்துப் பார்த்தால், அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே அவருடைய அலைகள் மாறத் தொடங்கியிருந்தன! மருத்துவர் நேர்காணலில் நோயின் கடுமைக்குப் போடும் மதிப்பெண் அப்போது எதையும் காட்டவில்லை. அன்றாட மனவருத்தத்தையும் நோய் திரும்புவதையும் பிரித்தறிய இது வழிகாட்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் மனைவியின் கருவி அலைகளைப் பதியும் வகையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மயிலாப்பூர் மகன்:
என் அப்பாவுக்குச் சென்னையில் பார்க்கின்சன் நோய்க்காக இதே சிகிச்சை நடந்தது. கருவியை இயக்கியதும் கை நடுக்கம் கண்ணெதிரே அடங்கியது. அங்கே வேறொரு மூளைப்பகுதியில் மிகுந்திருக்கும் பீட்டா அலைகள், அதாவது நொடிக்கு 13 முதல் 30 வரையிலான துடிப்புகள், தணிகின்றன என்று மருத்துவர் விளக்கினார். மனச்சோர்விலும் அப்படித்தானா?

அலைவாசிப்பவள்:
ஓரளவுக்கு அப்படித்தான். பகுதி 25-இல் அறுவையின்போது தூண்டியவுடன் இடப்பக்கப் பீட்டா அலைகள் குறைந்ததை 2021-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் முழுமையாகத் தேற மாதங்கள் ஆகும். எல்லோருக்கும் ஒரே அலை என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஒரு பெண்ணுக்கு, உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதியில் எழுந்த காமா அலையை (பீட்டாவைவிட வேகமானது) நோயின் அடையாளமாகக் கண்டார்கள். அது தலைதூக்கும்போது மட்டும், மூளையின் வேறொரு புள்ளிக்குச் சில நொடிகள் மின்சாரம் போகும்படி கருவியை அமைத்தார்கள்.

டொராண்டோ அக்கா:
இதைப் படிப்பவர்கள் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். என் தம்பிக்கு முதல் ஆறு மாதத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அமெரிக்காவில் 90 பேரிடம் நடந்த பெரிய ஆய்விலும் அப்படித்தான்: ஆறு மாத முடிவில், மின்சாரம் பெற்றவர்களுக்கும் கருவி அணைத்து வைக்கப்பட்டிருந்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எல்லோருக்கும் தூண்டலைத் தொடர்ந்தபோது, இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தேறினார்கள். என் தம்பியும் இரண்டாம் ஆண்டில்தான் வேலைக்குத் திரும்பினான். ஒரு முறை பேட்டரி தீர்ந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சில வாரங்களில் பேச்சு குறைந்து, சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினான். மின்சாரம் திரும்பியபின் மெதுவாகத்தான் மீண்டான். அட்லாண்டாவாசி, அளவைக் கூட்டுவது பற்றி யோசிக்கும் முன், பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.