அப்பாவின் பழைய கேபினெட்டில் புது மதர்போர்டு

கும்பகோணத்தில் அப்பா ஒரு டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரில் ஓடிய காலம். அதற்காக 2002-இல் வாங்கிய பென்டியம் 4 பெட்டி, கடையை மூடிய பிறகு மாடிப்படிக்கு அடியில் வருஷக்கணக்கில் கிடந்தது. நான் புதுசாக ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போனபோது, "பழையதை எடைக்குப் போட்டுடலாமாப்பா?" என்று கேட்டேன். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்ச பெட்டிடா. எடைக்குப் போடுவியா?" என்றார். சரி, பெட்டி இருக்கட்டும், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம் என்று இறங்கினேன்.

கடைக்காரர்கள் பயமுறுத்தியது போல மதர்போர்டு ஒன்றும் தகராறு செய்யவில்லை. இன்டெல் 1995-இல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவில்தான் இன்றைக்கும் போர்டுகள் வருகின்றன. ஸ்க்ரூ துளைகள் அதே இடத்தில்தான். நான் வாங்கியது 24.4 செ.மீ. சதுர மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. பழைய பித்தளைத் தூண்களின் மேல் அப்படியே உட்கார்ந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தூண் நின்றால் அது போர்டின் பின்பக்க ஈயப் பற்றில் இடித்து ஷார்ட் ஆகும். எனக்கு அப்படி இரண்டு தூண்கள் மிஞ்சின, கழற்றிவிட்டேன்.

பின்பக்கம் பழைய போர்டின் சாக்கெட்டுகளுக்கு ஏற்ற தகடு கேபினெட்டோடு சேர்த்தே அடிக்கப்பட்டிருந்தது. பார்த்ததும் கிரைண்டர் வேண்டுமோ என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் மூலைகளில் சின்னச் சின்ன ஒட்டுகள்தான். தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஒவ்வொன்றாக ஒடிந்துவிடும். உள்ளே கிடைப்பது ஆறேகால் அங்குலத்துக்கு ஒன்றேமுக்கால் அங்குலம் உள்ள அதே ஏடிஎக்ஸ் ஜன்னல். புது போர்டோடு வந்த தகடு டக்கென்று பொருந்தியது.

எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையும் அளவில் அதே பெட்டிதான், ஆனால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். அதில் இருப்பது 20 பின் இணைப்பு, கிராஃபிக்ஸ் கார்டுக்கு வயரே கிடையாது. போதாததற்கு கெப்பாசிட்டர்களுக்கு இருபது வயசு ஆகிறது.

தகராறு காற்றில்தான். அந்தக் காலத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கிட்டத்தட்ட 60 வாட் சூடு தரும். நான் போட்ட ரைசன் 5 5600-இன் கணக்கு 65 வாட். ஆக பிராசசர் விஷயத்தில் இந்தப் பெட்டிக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றுமில்லை. புதுசாக வந்த விருந்தாளி கிராஃபிக்ஸ் கார்டுதான். ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றே 170 வாட் வாங்கும். இந்தப் பெட்டியிலோ முன்பக்கம் காற்று நுழைய அடியில் நாலு கீற்றுகள், பின்பக்கம் 80 மி.மீ. விசிறி ஒன்று. கதவை மூடிவிட்டு ஒரு மணி நேரம் கேம் ஓடவிட்டேன். கார்டு 84 டிகிரியைத் தொட்டது, விசிறி ரைஸ்மில் மாதிரி கத்தியது.

அதற்கு முன்பு கார்டு உள்ளே போகவே ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. கார்டு நீளம் 24 செ.மீ.; பின்சுவரிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை இருந்தது 22. என்விஎம்இ டிஸ்க் சின்னப் பலகை மாதிரி போர்டிலேயே படுத்துக்கொள்வதால் கூண்டு தேவையில்லை. அதைப் பிடித்திருந்தது ஆறு ரிவெட். ரிவெட்டின் தலையில் நடுப்புள்ளி இருக்கும், அதில் டிரில்லை வைத்து மெதுவாக ஓட்டினால் தலை மட்டும் மோதிரம் மாதிரி கழன்று டிரில் பிட்டிலேயே சுற்றும். உடம்பை ஆணியால் தட்டினால் கீழே விழும். அவசரப்பட்டு அழுத்தினால் ரிவெட்டே கூடச் சேர்ந்து சுழலும், துளை விழாது. எனக்கு இரண்டு அப்படிச் சுழன்றன. கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு போட வேண்டியதாயிற்று.

கூண்டு போன இடத்தில் 120 மி.மீ. விசிறி. காகிதத்தில் வட்டம் வரைந்து, 105 மி.மீ. இடைவெளியில் நாலு ஸ்க்ரூ புள்ளி குறித்து, முன்தகட்டில் ஒட்டி, லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்கார அண்ணன் பெட்டியை விரலால் சுண்டிப் பார்த்து, "தம்பி, இப்ப வர்ற தகடெல்லாம் அப்பளம். இது நல்ல கெட்டி" என்று சொல்லி, வட்டத்தை ஜிக்சாவில் வெட்டித் தந்தார். விளிம்பை அரத்தால் நான் தேய்த்தேன். தேய்க்காத ஒரு இடம் ஞாயிற்றுக்கிழமை என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டது.

தகட்டில் ஓட்டை போட்டாலும் அதற்கு முன்னால் பிளாஸ்டிக் முகப்பு மூடிக்கொண்டு நிற்கிறதே! சிடி டிரைவ் போடும் இடத்து மூடிகள் நாலு. அவற்றின் நடுவை வெட்டி இரும்பு வலை வைக்கலாம் என்று திட்டம். மேலிருந்து இரண்டாவது மூடியில்தான் அப்பாவின் பொட்டு. வருஷம் வருஷமாகச் சந்தனத்தின் மேல் சந்தனம் ஏறி, நடுவில் குங்குமம் பழுப்பாகக் காய்ந்து, பிளாஸ்டிக்கிலேயே ஊறிப்போயிருந்தது. அதைத் தொடாதே என்று உத்தரவு. ஆகவே மூன்று மூடிகளில் வலை, ஒன்று அப்படியே. வலைக்குப் பின்னால் தூசிக்குக் கொசுவலைத் துண்டு.

மஞ்சளாகிப்போன முகப்பை வெளுக்க சலூன் கடைகளுக்கு விற்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் வாங்கித் தடவி, சமையல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு மத்தியானம் வைத்தேன். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் வெந்துபோகும். நம் ஊர் வெயிலுக்கு அரை நாளே போதும் போலிருக்கிறது, ஓர் ஓரம் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. பொட்டு மூடியை மட்டும் வெளுக்கவில்லை. இப்போது வெள்ளை முகத்தில் அது ஒரு மஞ்சள் பல் மாதிரி நிற்கிறது.

எல்லாம் முடிந்து மறுபடி அதே கேம். கார்டு 72 டிகிரி.

ஃப்ளாப்பி இருந்த இடத்தில் இப்போது யுஎஸ்பி 3.0 பலகை. பவர் லைட்டின் வயர் மூன்று பின் அகலம், புது போர்டில் இரண்டுதான். கறுப்புக் கவ்வியின் நாக்கை ஊசியால் நெம்பி, ஒரு பின்னை உருவிப் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினேன். என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போர்டிலிருந்து கதவு வரை அளக்காமல் 155 மி.மீ. உயர டவர் கூலர் வாங்கினேன். கதவு மூடவில்லை. அரை விரற்கடை! அது இப்போது தம்பியின் மிஷினில் இருக்கிறது, என்னுடையதில் பிராசசரோடு இலவசமாக வந்த குட்டிக் கூலர். நீங்களும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து:

உங்களுடையது ஏடிஎக்ஸ், தப்பித்தீர்கள். என்னிடம் இருந்தது அதற்கும் முந்தைய ஏடி கேபினெட், வேகத்தை மாற்றும் டர்போ பட்டனும் பிராசசரின் வேகத்தைச் சிவப்பு எண்ணில் காட்டும் பலகையும் உள்ளது. முன்பக்க ஸ்விட்ச் வரைக்கும் 230 வோல்ட் நேராக வரும் ரகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். அந்த நாலு வயரையும் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்தே வெளியே எடுத்துவிட்டேன். ஸ்விட்ச் அழுத்தினால் உள்ளேயே நின்றுகொள்ளும் வகை. அதன் பக்கவாட்டில் இருந்த குட்டிக் கம்பியை உருவியதும் காலிங் பெல் மாதிரி திரும்பி வந்தது. பின்பக்கத்தில் கீபோர்டுக்கு ஒரு வட்ட ஓட்டை தவிர வேறொன்றும் கிடையாது. உடைந்த ஏடிஎக்ஸ் கேபினெட் ஒன்றின் பின்சுவரை வெட்டி ரிவெட் அடித்து ஒட்டினேன். உள்ளே 17 செ.மீ. மினி ஐடிஎக்ஸ் போர்டு. அந்த எண் பலகை எதையும் அளப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்களை இணைக்கும் குட்டி மூடியான ஜம்பரை எப்படி மாட்டுகிறோமோ அந்த எண்ணைக் காட்டும். சின்ன வயதில் அதைப் பார்த்து எவ்வளவு பெருமைப்பட்டிருக்கிறேன்!

கோவையிலிருந்து:

நான் ஜெயித்த கதை சொல்லப் போவதில்லை. எல்லாம் மாட்டி ஓடவும் விட்ட பிறகு, எஸ்எஸ்டி டிஸ்க்கை மாட்ட ஒரே ஒரு துளை பாக்கி. ஒரு துளைதானே என்று போர்டைக் கழற்றாமல், மேலே ஒரு துண்டை விரித்துவிட்டு டிரில் போட்டேன். துண்டை எடுக்கும்போது ஓரத்தில் சேர்ந்திருந்த இரும்புத் தூள் அத்தனையும் ராம் ஸ்லாட்டுக்குள் கொட்டியது. ஊதினேன், பிரஷ் போட்டேன், ஆன் செய்தேன். ஒரு "டிக்", அவ்வளவுதான். போர்டு போனது, ராம் பிழைத்தது. இப்போதெல்லாம் பெட்டியைக் காலியாக்கித்தான் டிரில்லையே எடுக்கிறேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு மூலை முடுக்கெல்லாம் தடவுவேன். தூள் பையின் வெளிப்பக்கம் ஒட்டும். பையை உள்வெளியாகத் திருப்பினால் மொத்தமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கும்பகோணத்துக்காரரிடம் ஒரு கேள்வி. நடுவில் ஒரு மூடி அடைத்தபடி இருக்கிறதே, காற்று ஒழுங்காகத்தான் போகிறதா? பார்த்தீர்களா?

கும்பகோணத்திலிருந்து மறுபடி:

பார்க்கும்படி ஆகிவிட்டது. போன ஆயுத பூஜை அன்று ஏதோ டவுன்லோடு போட்டிருந்தேன், மிஷினை அணைக்க மறந்துவிட்டேன். அப்பா அதே மஞ்சள் மூடியில், பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தார். அப்புறம் சாம்பிராணித் தட்டை எடுத்துப் பெட்டியின் முன்னால் காட்டினார். புகை மேலே எழும்பவே இல்லை. வளைந்து வலைக்குள் போனது, கொஞ்ச நேரத்தில் பின்பக்க விசிறியிலும் எஸ்எம்பிஎஸ் ஓட்டையிலும் இரண்டு கோடாக வெளியே வந்தது. நான் பதறிப்போய் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன். அப்பா தட்டை இன்னும் கிட்டே கொண்டுபோய், "இருடா, உள்ளேயும் காட்டிடறேன்" என்றார்.