மூணு மணி ரீடிங் ரெண்டே காலுக்கே எழுதியிருந்துச்சு (சேஃப்டி இன்ஸ்பெக்ஷன் அனுபவம், உங்களோடதும் சொல்லுங்க)

கொங்குக்காரன்:
11 வருசமா சேஃப்டி ஆடிட் பண்றேங்க, பெருந்துறை, திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைங்கதான் அதிகம். புதுசா வர்ற தம்பிங்க ஃபேக்டரீஸ் ஆக்ட் 1948 (2025 நவம்பர் வரைக்கும் இருந்த சட்டம்), விஷவாயு இருக்கற தொட்டிக்குள்ள எறங்கறதப் பத்தின செக்ஷன் 36னு கடகடன்னு ஒப்பிப்பாங்க, நல்லதுதான், ஆனா போன வருசம் ஒரு எடத்துல நடந்தத கேளுங்க.

ஈடிபில, அதான் கழிவுநீர் சுத்திகரிக்கற எடத்துல, கழிவுத் தொட்டி கிளீனிங். உள்ள எறங்கறதுக்கான பெர்மிட்ட (அனுமதிச் சீட்டு) கையில குடுத்தாங்க, பாத்தா அழகா இருக்கு, 9, 11, 1, 3 மணிக்கு ரீடிங், ஆக்சிஜன் 20.9 சதவீதம், எச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற விஷவாயு) பூஜ்யம், எல்லாம் ஒரே பேனா ஒரே சாய்ப்பு. நான் பாக்கறப்ப மணி ரெண்டே கால்! சரி தம்பி வாயு அளக்கற மீட்டர காட்டுன்னேன், சூப்பர்வைசர் பையன் முழிக்கிறான். மீட்டர் ஸ்டோர்ல இருக்காம், ஸ்டோர் சாவி ஸ்டோர்கீப்பர்கிட்ட, அவரு ரெண்டு நாளா லீவு.

உள்ள ரெண்டு பேர். மேல இருந்து எட்டிப் பாத்து வெளிய வாங்க வெளிய வாங்கன்னு கத்தறேன், ஒடிசா பசங்க, ஒன்னும் புரியாம சிரிச்சுட்டு கைய ஆட்டுறாங்க. அப்பறம் ஒரு ஆளு வந்து ஹிந்தில சொல்லித்தான் ஏறி வந்தாங்க. ஒன்னும் ஆகல, நல்ல நேரம்.

எச்டூஎஸ் காத்த விட கனம், அடியிலதான் தங்கும், சேத்தக் கிளறக் கிளற வெளிய வரும். அழுகின முட்டை நாத்தம் வந்தா தெரிஞ்சுக்கலாம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு) வாக்குல போச்சுன்னா மூக்கே செத்துரும், நாத்தம் போயிருச்சு இனி பயமில்லைன்னு தோணும். ஒருத்தன் விழுந்தா அவன தூக்க இன்னொருத்தன் குதிப்பான், அவனும் போயிருவான். அதனாலதான் மீட்டர கயித்துல கட்டி மேல, நடுவுல, அடியிலன்னு மூணு எடத்துலயும் பாக்கச் சொல்றது.

அந்தப் பையன நான் திட்டல. திட்டியிருந்தா அடுத்த தடவ மூணு மணி ரீடிங்க மூணு மணிக்கு அப்பறம் எழுதக் கத்துக்குவான், அவ்வளவுதான். டீக்கடைக்கு கூட்டிட்டுப் போனேன், அங்கதான் சொன்னான், மீட்டர் வேணும்னு கேட்டாலே வேலைய இழுக்கறேன்னு மேனேஜர் சத்தம் போடுவாருன்னு. ரிப்போர்ட்ல நான் எழுதினது மேனேஜரத்தான்.

சாத்தூர்ப் பொண்ணு:
நான் இன்ஸ்பெக்டர் இல்ல, ஆனா இன்ஸ்பெக்ஷன அந்தப் பக்கத்துல இருந்து பாத்த ஆளு. எங்கம்மா பட்டாசு ஆலைல மருந்து அடைக்கப் போவாங்க, லீவு நாள்ல நானும் தூக்குவாளி எடுத்துட்டுப் போவேன். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது, இவங்க ஒம்பது பேரு உக்காந்துருப்பாங்க. ஆபீசர் வாராருன்னா முன்னாடியே போன் வந்துரும், எப்படின்னு கேக்காதீங்க. அஞ்சு பேரு பின்னாடி வேலிக்கருவைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிடுவாங்க.

ஒரு தடவ வந்தவரு ரூமுக்குள்ளயே போகல. வாசல்ல நின்னு கீழ பாத்தாரு, ஒம்பது ஜோடி செருப்பு கெடக்கு. "பாவம், முள்ளுக்குள்ள வெறுங்காலோட நிக்காங்க, கூப்பிடுங்கம்மா"ன்னாரு. அப்பறம் எங்கம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி, இந்த மருந்து இன்னைக்கி கலந்ததா நேத்து மிச்சமான்னு. கலந்த மருந்த ராத்திரி வச்சுருந்தா, அதுவும் அலுமினியப் பவுடர் சேந்தது ஈரம் பட்டா, தானா சூடேறும், இது நான் பின்னாடி காலேஜ்ல படிச்சது, எங்கம்மாவுக்கு அப்பவே தெரியும். பதில் சொல்லாம ஃபோர்மேன் மூஞ்சியப் பாத்துச்சு. ஆபீசருக்கு அது போதும்.

ஒரு வாரம் ஆலைய மூடிட்டாங்க. கூலி இல்ல. எங்கம்மா அந்த ஆள வாய்க்கு வந்தபடி திட்டுச்சு, நானும் சேந்து திட்டுனேன், பொய் சொல்லல.

அபுதாபி வாசி:
செருப்பு மேட்டர் சூப்பர்க்கா 🙏 நான் இங்க ஸ்கேஃபோல்டிங் (கட்டடத்துக்குக் கட்டற சாரம்) இன்ஸ்பெக்டர். பச்சை டேக் தொங்குனா ஏறலாம், சிவப்புன்னா ஏறக்கூடாது, 7 நாளைக்கு ஒரு தடவ செக், மணல் காத்து அடிச்சா திரும்ப செக். கீழ நின்னுட்டே டேக்ல தேதிய மாத்துற இன்ஸ்பெக்டருங்க இருக்காங்க, நானும் முதல் வருஷம் வெயிலுக்குப் பயந்து அப்படித்தான் செஞ்சேன், ஒருநாள் ஏறிப் பாத்தா ரெண்டு பலகைக்கு நடுவுல என் கால் போற அளவுக்கு சந்து.

ஹார்னெஸ் (உடம்புல மாட்டற சேஃப்டி பெல்ட்) போட்டாச்சுன்னு நிம்மதியா விடாதீங்க. 4 மீட்டர் உயரத்துல நின்னுட்டு கால் கிட்டயே ஹுக் மாட்டிருப்பான். கயிறு 1.8 மீட்டர், விழற வேகத்தத் தாங்கற ஷாக் அப்சார்பர் பட்டை பிரிஞ்சா இன்னும் ஒரு மீட்டருக்கு மேல, கயிறு மாட்டற முதுகு வளையத்துல இருந்து பாதம் வரைக்கும் ஒன்றரை மீட்டர், கூட்டிப் பாருங்க, கயிறு இழுத்துப் பிடிக்கறதுக்குள்ள தரைல கெடப்பான். இத தரைல கோடு போட்டு டேப் வச்சு அளந்து காட்டினா எந்த பாஷைக்காரனுக்கும் புரியுது.

புதுத்தம்பி:
அண்ணா நான் மெக்கானிக்கல் டிப்ளமோ, நெபோஷ் (வெளிநாட்டு சேஃப்டி சர்டிஃபிகேட்) போட்டா வேல கெடைக்குமா?

கொங்குக்காரன்:
கல்ஃப் போறதுன்னா போடு தம்பி. இங்க ஃபேக்டரில சேஃப்டி ஆபீசர்னா தரமணி ரீஜினல் லேபர் இன்ஸ்டிட்யூட்ல இருக்கற மாதிரி இண்டஸ்ட்ரியல் சேஃப்டி டிப்ளமோதான் கேப்பாங்க. இன்னொன்னு, அந்தப் பக்கம் வேல பாக்கறவங்கள்ல பாதிக்கு மேல பேரு பேசற பாஷை ஆபீசருக்கு தெரிஞ்சிருக்கணும்னு பழைய ஃபேக்டரி ரூல்ஸ்லயே இருந்துச்சு, எங்க பக்கம் இப்ப அது ஹிந்தியும் ஒடியாவும். நான் இதுவரைக்கும் ஒடியால "வெளிய வா" மட்டுந்தான் கத்துருக்கேன்.