பத்மினியில் பாட்டோடு சேர்ந்து வரும் விசில்

வண்டி 1986 பிரீமியர் பத்மினி, இடம் மதுரை. அப்பா ஓட்டியது என்பதால் டேஷ்போர்டை வெட்ட மனசில்லை. கார் ஸ்டீரியோ செட்டை கிளவ் பாக்ஸுக்குள்ளும் சின்ன ஆம்ப்ளிஃபயரைப் பின் சீட்டுக்கு அடியிலும் வைத்தேன். மூன்று வாரமாக, இன்ஜின் ஓடினாலே ஸ்பீக்கரில் 'கொய்ங்' என்று விசில். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி வேறு ஏறுகிறது! வால்யூமைக் குறைத்தாலும் விசில் அப்படியே. இன்ஜினை அணைத்தால் பாட்டு சுத்தம்.

பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்தேன். பெயிண்டைச் சுரண்டி எர்த்தை பாடியில் முடுக்கினேன். நாய்ஸ் ஃபில்டரும் போட்டாயிற்று, பிரயோஜனமில்லை. அப்புறம் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் ஓடவிட்டேன்: விசில் இல்லை. ஆக, கிளம்புவது அந்த பெல்ட் சுற்றும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில்தான். ஆம்ப்ளிஃபயருக்கு, செட்டிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரும் பவர் வயரும் ஒரே பக்கமாகப் போகின்றன.

ஆல்டர்னேட்டருக்குள் ஏசி கரண்டை டிசியாக்கும் டயோடைச் சோதிப்பதா, ஆர்சிஏ வயரை மறுபக்கம் மாற்றுவதா, முதலில் எதைச் செய்யலாம்?