மறு: டேங்க் ஸீலருக்குத் தமிழ் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய டிராக்டர்களைச் செப்பனிடுவோருக்கான கையேட்டில் எரிபொருள் தொட்டி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். தொட்டி, மூடி, வடிகட்டி வரை தொல்லையில்லை. டேங்க் ஸீலரில் வந்து நின்றுவிட்டது. துருவெடுத்த தொட்டிக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, மிச்சத்தை வடித்துக் காயவிடுகிறோமே, அந்தத் திரவம். 'தொட்டி அடைப்பான்' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக இருந்தால் சொல்லுங்கள்.

* * *

ஐயா, வணக்கம்.

> 'தொட்டி அடைப்பான்' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

வேண்டாம். மாடு வைத்திருப்பவர் காதுக்கு அது ஒரு நோயின் பெயர் என்பது ஒருபுறம் இருக்கட்டும். என் மறுப்பு வேறு. அந்தச் சொல் தன்னால் முடியாததைச் செய்வதாகச் சொல்கிறது. 'அடைப்பான்' என்று படித்தவர் ஒழுகும் தொட்டியில் நேராக அதை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று வண்டியில் ஏற்றிவிடுவார்.

துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் தின்றுகொண்டு வரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, அளவு மிஞ்சினால் பிரிந்து கீழே இறங்கிவிடும். அதனால் அடித்தட்டும் அதன் மடிப்பும் முதலில் போகின்றன. வெளியே ஊசிமுனை அளவு ஓட்டைதான் தெரியும். அதைச் சுற்றிக் குத்தூசியால் லேசாக அழுத்திப் பாருங்கள், தகடு பொருபொருவென்று உதிரும். விரல்நகம் அளவுக்கு விரிந்த பிறகுதான் நல்ல இரும்பு தட்டுப்படும். அந்த இடத்துக்கு ஒட்டுத்தகடு வைத்துப் பற்றாசு (சால்டர்) போட வேண்டும். ஊற்றுகிற திரவம் தகடாகிவிடாது.

பற்றாசு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் ஆபத்து. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு பெட்ரோல் ஆவி இருந்தாலே பொறி பட்டதும் வெடிக்கும். கழுவிவிட்டோம் என்று நம்புவதற்கில்லை. மடிப்பின் இடுக்கில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூடு பட்டவுடன் ஆவியாக வெளியே வரும். ஆகவே சோடா கரைத்த வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, ஒட்டுப் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, எங்கோ தள்ளிச் சூடேற்றிய பற்றாசுக்கோலைத் தவிர வேறெதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். தீச்சுடர் கூடவே கூடாது. வெல்டிங் என்றால் அதற்கென்றே தொழில் செய்பவரிடம் விட்டுவிடுவது நல்லது.

இனிப் பெயருக்கு வருவோம். இந்தத் திரவத்தின் உண்மையான வேலை, பழுது பார்த்து முடிந்த தொட்டி மறுபடி துருவேறாமல் உள்ளே ஒரு படலமாக நிற்பது. ஆக, 'பூச்சு' என்பதுதான் தலைச்சொல். 'உட்பூச்சு' என்று நிறுத்திவிடலாமா என்றால், அதிலும் குழப்பம் உண்டு. பழைய தொட்டிகள் பல, ஈயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய தகட்டில் செய்யப்பட்டவை. 'உட்பூச்சைக் காப்பாற்றவும்' என்று ஒரு பக்கத்திலும் 'உட்பூச்சை ஊற்றவும்' என்று அடுத்த பக்கத்திலும் வந்தால் படிப்பவர் திண்டாடுவார்.

எப்படிப் பூசுகிறோம் என்பதைப் பெயரில் வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். 'சுழற்றுப்பூச்சு' என்றால் வேகமாகச் சுற்றுவது போல ஒலிக்கிறது. 'உருட்டுப்பூச்சு' சுவருக்கு ரோலர் போடுவதாக நினைக்க வைக்கும். 'புரட்டுப்பூச்சு' செயலுக்குச் சரிதான், ஆனால் புரட்டு என்றால் பொய் என்றும் பொருள். (சில டப்பாக்களின் மேலே அச்சிட்டிருப்பதைப் படித்தால் அதுவே பொருத்தம் என்றும் தோன்றும்.)

என் பரிந்துரை: அலசுப்பூச்சு.

* * *

> என் பரிந்துரை: அலசுப்பூச்சு.

இருவருக்கும் வணக்கம். அலசினால் அழுக்கு போகும். இங்கே ஒன்று போய் ஒட்டுகிறது. சொல்லின் இரு பாதியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன. தவிர, பூச்சு என்றால் தூரிகையோ கையோ பூச வேண்டாமா? ஆங்கிலத்தில் இதற்குத் தளும்பலைக் குறிக்கும் 'ஸ்லாஷ்' (slosh) என்ற சொல்லையும் வைத்திருக்கிறார்கள். 'தளும்பு பூச்சு' ஆகாதா?

இன்னொரு சொல்லும் தேவைப்படும். அமிலத்தில் துருவெடுத்துக் கழுவி வைத்த சில நிமிடங்களிலேயே ஆரஞ்சு நிறத்தில் மெல்லப் படர்கிறதே, அதற்கு 'உடன்துரு' என்று வைத்திருக்கிறேன்.

* * *

அம்மா, 'உடன்துரு' அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தின் 'ஃப்ளாஷ் ரஸ்ட்' என்பதை அப்படியே பெயர்த்து 'மின்னல் துரு' என்று யாராவது கிளம்புவதற்கு முன் கையேட்டில் ஏற்றிவிடுங்கள் ஐயா. கூடவே தீர்வையும் ஒரு வரி சேருங்கள்: அலசிய தண்ணீரைச் சொட்டில்லாமல் வடித்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, அந்த ஆவி முழுக்கப் போகும்வரை வெறுங்காற்றை ஊத வேண்டும். அதுவும் தீப்பற்றுவதுதான், வெப்பக்காற்றுக் கருவியை அதன் பிறகு எடுத்தால் போதும்.

> அலசினால் அழுக்கு போகும்

துணியை அலசுகிறோம், சரி. 'பிரச்சினையை அலசினார்கள்' என்கிறோமே, அங்கே எந்த அழுக்கு போகிறது? ஒரு மூலை விடாமல் போய்வருவது என்பதுதான் பொருள். இந்த வேலைக்கு அதுதான் உயிர். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருந்தால் திரவம் அவற்றுக்குப் பின்னால் போகத் தயங்கும். ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளே களக் என்று இறங்கும் சத்தம் கேட்கும்வரை பிடித்திருந்து, பிறகுதான் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். நாலு ஆட்டு ஆட்டிவிட்டு வைத்தால் மேற்கூரை வெறும் இரும்பாகவே இருக்கும். ஈரக்காற்று குளிர்ந்து நீர் கோப்பது அங்கேதான். தளும்பல் தானாக நடப்பது, பாதிக் குடம் கூடத் தளும்பும். அலசுவதற்கு ஆள் வேண்டும்.

பூச்சுக்குத் தூரிகை கட்டாயமில்லை. முலாம் பூசுகிறவர் தூரிகையா பிடிக்கிறார்?

* * *

இருவருக்கும் நன்றி. 'அலசுப்பூச்சு' என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் டேங்க் ஸீலர் என்பதையும் பக்கத்தில் எழுதுவேன், கடையில் கேட்க அதுதான் உதவும். அத்தியாயத்தின் வரிசையும் மாறுகிறது: கழுவல், துரு நீக்கம், ஒட்டு, கசிவுச் சோதனை, அதன் பிறகு அலசுப்பூச்சு.

ஒரு கேள்வி. முன்னால் யாரோ அலசுப்பூச்சு போட்ட தொட்டி இப்போது ஒழுகினால், அதன் மேலேயே பற்றாசு வைக்கலாமா?

* * *

கூடாது ஐயா. பற்றாசு வெறும் உலோகத்தில்தான் பிடிக்கும். பூச்சு சூட்டில் கருகிப் புகையும், அந்தப் புகையை மூக்கில் ஏற்றக் கூடாது. முதலில் பழைய பூச்சை முழுக்க உரித்தாக வேண்டும். சில வகை அசிட்டோனுக்கு இளகும். எபாக்ஸி வகை அவ்வளவு சுலபத்தில் வராது, வண்ணம் உரிக்கும் திரவமும் பொறுமையும் தேவை. துரு மேலேயும் எண்ணெய்ப் பிசுக்கு மேலேயும் போட்ட அலசுப்பூச்சாக இருந்தால் தானே பாளம் பாளமாகக் கழன்று வரும்.

கழன்று வருவதுதான் உண்மையில் பெரிய தொல்லை. 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் போன்ற டிராக்டர்களில் தொட்டி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது, பம்ப் கிடையாது, ஈர்ப்பில்தான் பெட்ரோல் இறங்குகிறது. உரிந்த ஒரு துண்டு வாய்க்குழாயில் போய் ஒட்டினால் வண்டி பத்து நிமிடம் ஓடி நிற்கும். நிறுத்தி வைத்தால் துண்டு விலகி மறுபடி ஓடும். மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் இதே குணம்தான் காட்டும். அதனால் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் நின்றால் வண்டல் தங்கும் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கலாம்.

கசிவுச் சோதனைக்கு 2 அல்லது 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் காற்றும் சோப்பு நுரையும் போதும் என்பதையும் எழுதிவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் தட்டைப் பக்கங்கள் உப்பிவிடும், மூலத் தொட்டி பழைய வடிவத்துக்குத் திரும்பாது.