திரைப்படங்களில் கட்டைச் செருப்பு

தேக்காவாசி: என் சிறுவயதில் இங்கே சிங்கப்பூரில் ஈரச்சந்தைக்குச் சென்றால், நனைந்த சிமெண்டுத் தரையில் சீனப் பாட்டிமார்களின் சிவப்புக் கட்டைச் செருப்புகள் எழுப்பும் 'டக் டக்' ஓசைதான் முதலில் காதில் விழும். அத்தகைய மரச்செருப்பு கதையிலேயே இடம்பெறும் படங்களை அன்பர்கள் பரிந்துரைக்க இயலுமா?

பழைய படப்பிரியன்: எர்மானோ ஓல்மி 1978இல் இயக்கிய 'தி ட்ரீ ஆஃப் வுடன் கிளாக்ஸ்' என்னும் இத்தாலியப் படத்தைத்தான் முதலில் சொல்வேன். பள்ளிக்கு நெடுந்தூரம் நடந்து செல்லும் சிறுவனின் மரச்செருப்பு உடைந்துவிட, தந்தை பண்ணையாருக்குச் சொந்தமான மரத்தை இரவில் திருட்டுத்தனமாக வெட்டிப் புதியதைச் செதுக்குகிறார். அந்த ஒரு மரத்துக்காகவே குடும்பம் முழுவதும் வெளியேற்றப்படுகிறது. நடித்தவர்கள் பெர்காமோ வட்டாரத்து விவசாயிகள். கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற படம். மூன்று மணி நேரம் ஓடும் என்பதால் பொறுமை வேண்டும்.

ஜூரோங் ரசிகை: ஓசைதான் வேண்டுமென்றால் தக்கேஷி கித்தானோவின் 'சத்தோயிச்சி' (2003) பாருங்கள். இறுதியில் ஊரே 'கெத்தா' என்னும் ஜப்பானிய மரச்செருப்பு அணிந்து ஆடும் ஆட்டத்தில் செருப்பே தாளக்கருவியாகிறது. வாள்சண்டையைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

தேக்காவாசி: இருவருக்கும் நன்றி. நம்மிடமும் 'சம்பூர்ண ராமாயணம்' (1958) இருக்கிறதே! பரதனாக வரும் சிவாஜி தலையில் சுமக்கும் பாதுகையை எப்படி மறந்தேன்?

பழைய படப்பிரியன்: பாதுகையில் வார் கிடையாது ஐயா, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே குமிழைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும். நம் சந்தைச் செருப்புக்கோ மேலே ரப்பர் பட்டையை ஆணியடித்திருப்பார்கள்.