ஃபேன் அரைச் சுற்றில் நின்றுவிடுகிறது: மதர்போர்டைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ராயபுரம் வாசகர்

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் வலையும் கயிறும் விற்கும் கடை ஒன்றின் கணக்குகளை நான் எழுதி வருகிறேன். ஒரு மாலை முழுவதும் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்ததற்குப் பிறகு, கடையின் கணினி இயங்கவில்லை. சுவிட்சை அழுத்தினால் புராசசர் மேலுள்ள ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு மாட்டினால்தான் மீண்டும் அதே அரைச் சுற்று. போர்டிலுள்ள பச்சை விளக்கு மட்டும் அணையாமல் எரிகிறது. பீப் ஒலி இல்லை. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியாயிற்று, பட்டன் பேட்டரியையும் மாற்றியாயிற்று. சர்வீஸ் கடையில் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், உப்புக் காற்றில் போர்டு அரித்திருக்கும், புதிது வாங்குங்கள் என்கிறார்கள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் உள்ளன. ஒன்றில் விண்டோஸ், பழையதில் டேலி கணக்குகள். ஜிஎஸ்டி தாக்கல் நெருங்குவதால் கேட்கிறேன்: போர்டு வாங்குமுன் வேறு எதைச் சோதிக்கலாம்?

பதில்: திருவொற்றியூர் வாசகர்

போர்டை இப்போது வாங்காதீர்கள். நம் கடற்கரைப் பகுதியில் உப்புக் காற்று போர்டுகளைக் கெடுப்பது உண்மைதான். கேபினெட் ஸ்குரூக்களும் பின்பக்க யுஎஸ்பி சாக்கெட்டின் தகடும் துருவேறிக் கிடப்பதை நானே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறி வேறு எதையோ காட்டுகிறது.

பச்சை விளக்கு எரிவதால் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி, முழுவதும் நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா நிற வயரில் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ட் மட்டுமே அந்த விளக்கை எரிக்கிறது. மஞ்சள் வயரின் 12 வோல்ட், சிவப்பு வயரின் 5 வோல்ட், ஆரஞ்சு வயரின் 3.3 வோல்ட் ஆகியவை சுவிட்சை அழுத்திய பிறகே புறப்படும். அவை புறப்பட்ட மறுகணமே எங்கோ ஷார்ட் இருந்தால், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பிளக்கைக் கழற்றி மாட்டும்வரை மீண்டும் எழாது. ரேம் கோளாறு என்றால் பெரும்பாலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், திரைதான் வராது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, மீதமிருக்கும் மின்சாரம் வடிய பவர் பட்டனைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் இரண்டு டிஸ்க்குகளின் பவர் வயர்களையும், டிவிடி டிரைவ், முன்பக்க யுஎஸ்பி வயர், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் கழற்றிவிட்டு இயக்குங்கள். ஃபேன் நில்லாமல் சுற்றினால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிய பிறகே மாட்ட வேண்டும்.

பதில்: வியாசர்பாடி வாசகர்

மேலே சொன்னது சரி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாக மாறி கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் இருக்கும். கணினி ஓடத் தொடங்கினால் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். அந்த மாலையில் தெருவில் நியூட்ரல் வயர் அறுந்திருந்தால் வீட்டு இணைப்புக்கு 230ஐவிட மிக அதிகமாக வந்திருக்கலாம். பக்கத்து வீடுகளில் டிவி, ஃபேன் போனதா என்று விசாரியுங்கள்.

கேட்டவர்

பழைய டிஸ்க்கின் பவர் வயரைக் கழற்றியதும் கணினி விண்டோஸ் வரை வந்துவிட்டது. அதை மாட்டினால் மறுபடியும் அரைச் சுற்றுதான். மஞ்சள் வயரில் 12.9 காட்டுகிறது. அடுத்த வீட்டிலும் டிவி போயிருக்கிறது. கணக்குகள் அந்த டிஸ்க்கிலேயே இருக்கின்றனவே?

பதில்: திருவொற்றியூர் வாசகர்

12.9 என்பது வரம்புக்கு மேல். அந்த எஸ்எம்பிஎஸ்ஸை இனி நம்ப வேண்டாம், நல்ல டிஸ்க்கையும் அதில் ஓட்டாதீர்கள்.

கணக்குகளைப் பற்றி இப்போதே கலங்க வேண்டியதில்லை. டிஸ்க்கின் அடிப்பக்கச் சர்க்யூட் போர்டில், பவர் சாக்கெட்டை ஒட்டி டிவிஎஸ் டையோடு எனப்படும் சிறிய கறுப்புப் பாகங்கள் இருக்கும். மிகையான வோல்டேஜ் வந்தால் அவை தாம் ஷார்ட் ஆகி, பின்னாலுள்ள சிப்களைக் காப்பாற்றும். தனியே எடுத்த டிஸ்க்கில் மல்டிமீட்டர் வைத்து, அவற்றில் ஒன்று இரு திசையிலும் சுழி ஓம் அருகில் காட்டினால், காரணம் பெரும்பாலும் அதுதான். சாலிடரிங்கில் கைதேர்ந்தவர் அந்த ஒன்றை எடுத்துவிட்டால் டிஸ்க் பல சமயம் ஓடும். அதற்குப் பிறகு பாதுகாப்பு இல்லாததால், புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மாட்டி, உடனே எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாடல் டிஸ்க்கின் போர்டை வாங்கி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பையும் மாற்றிப் பொருத்தாமல் அண்மைக்கால டிஸ்க்குகளைப் பெரும்பாலும் படிக்க முடியாது.